கொடுத்தவருக்கும் இல்லை, தடுத்தவருக்கும் இல்லை: பிரிவினையின் நடுவே ஆந்திரம் வாக்களித்த 2014

2014 மே 16 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது, சட்டத்தின் பார்வையில் ஆந்திரப் பிரதேசம் ஒரே மாநிலமாகத்தான் இருந்தது. அதன் 42 மக்களவைத் தொகுதிகளுக்கும் 294 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் ஒரே மாநிலம் என்ற கணக்கில்தான் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் ஆளுநர் நரசிம்மனே நிர்வாகத்தை நடத்திவந்தார். ஆனால் ஜூன் 2ஆம் தேதி தெலங்கானா தனி மாநிலமாகும் என்பது ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டது. தெலங்கானாப் பகுதியின் 17 மக்களவைத் தொகுதிகள் ஏப்ரல் 30 அன்றும், சீமாந்திரா என்று அழைக்கப்பட்ட கடலோர ஆந்திரா, ராயலசீமா பகுதிகளின் 25 தொகுதிகள் மே 7 அன்றும் வாக்களித்தன. இன்னும் பிறக்காத ஒரு மாநிலத்துக்கு வாக்காளர்கள் அரசைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே சொல்லலாம்.

இப்படியொரு சூழல் நம் நாட்டில் அரிது. 2000ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்றும் பிரிக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய ஆண்டே மக்களவைத் தேர்தல் முடிந்திருந்தது. பிரிப்புக்கான சட்டம் நிறைவேறிய சில வாரங்களிலேயே, அந்தச் சூடு தணியும் முன், பிரிகின்ற இரு பகுதிகளும் வாக்குச்சாவடிக்குச் சென்றது ஆந்திரத்தில்தான். அதனால்தான் அந்த முடிவுகளைப் பிரிவினை மீதான பொதுவாக்கெடுப்பாகவே பலரும் படித்தார்கள்: தெலங்கானா நன்றி சொன்னது, சீமாந்திரா தண்டித்தது என்று. இந்த வாசிப்பில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தொகுதிவாரியான எண்கள் ஏற்க மறுக்கின்றன.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். தெலங்கானாவின் 17 இடங்களில் தெலங்கானா ராஷ்டிர சமிதி 11 இடங்களிலும், காங்கிரஸ் 2 இடங்களிலும், பாஜக, தெலுங்கு தேசம், ஒய்எஸ்ஆர் காங்கிரஸ், ஐதராபாத்தின் மஜ்லிஸ் கட்சி ஆகியவை தலா ஓர் இடத்திலும் வென்றன. சீமாந்திராவின் 25 இடங்களில் தெலுங்கு தேசத்துக்கு 15, அதன் கூட்டாளியான பாஜகவுக்கு 2, ஒய்எஸ்ஆர் காங்கிரஸுக்கு 8 என்று முடிந்தது; காங்கிரஸுக்கு ஒன்றுகூட இல்லை. 2009ஆம் ஆண்டில் இதே 42 தொகுதிகளில் காங்கிரஸ் 33 இடங்களை வென்றிருந்தது. அந்தத் தேர்தலில் வேறெந்த மாநிலமும் காங்கிரஸுக்கு அத்தனை உறுப்பினர்களை அனுப்பவில்லை. மன்மோகன் சிங்கின் இரண்டாவது ஆட்சி நின்றதே பெருமளவு ஆந்திரத்தின் தோளில்தான். அந்த 33 ஐந்தே ஆண்டுகளில் 2 ஆனது.

தொகுதி எல்லைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையின்படி ஒவ்வொரு மக்களவைத் தொகுதியிலும் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. ஆகவே தெலங்கானாவுக்கு 17 மக்களவைத் தொகுதிகளும் 119 சட்டமன்றத் தொகுதிகளும், எஞ்சிய ஆந்திரத்துக்கு 25 மக்களவைத் தொகுதிகளும் 175 சட்டமன்றத் தொகுதிகளும் என்று கணக்கு மிச்சமின்றிப் பிரிந்தது. அந்த மறுவரையறைக்கு முன் இருந்த பத்ராசலம் மக்களவைத் தொகுதியில், கம்மம் மாவட்டப் பகுதிகளோடு ஆந்திரப் பகுதியின் பாடேரு, சிந்தபள்ளி போன்ற பழங்குடித் தொகுதிகளும் சேர்ந்திருந்தன. அது நீடித்திருந்தால் ஒரே உறுப்பினர் இரண்டு மாநிலங்களுக்கும் பிரதிநிதியாக வென்று வந்திருப்பார். அந்தச் சிக்கல் தவிர்ந்தது. ஆனால் முழுவதுமாகத் தவிரவில்லை என்பது முடிவுகள் வந்த இரண்டு வாரங்களில் தெரிந்தது.

இனி தெலங்கானா. தனி மாநிலக் கோரிக்கைக்குத் தேர்தல் வழியாகக் குரல் கிடைத்தது புதிதல்ல. 1971ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தெலங்கானா பிரஜா சமிதி அப்பகுதியின் 14 இடங்களில் 10 இடங்களை வென்றது. ஆனால் சில மாதங்களிலேயே அந்தக் கட்சி காங்கிரஸில் கரைந்துபோனது. 2001இல் தொடங்கப்பட்ட தெலங்கானா ராஷ்டிர சமிதி 2004இல் காங்கிரஸுடன் கூட்டணி வைத்து 5 இடங்களையும், 2009இல் தெலுங்கு தேசத்துடன் கூட்டணி வைத்து 2 இடங்களையும் மட்டுமே பெற்றது. அந்த 2009 தேர்தலில் தெலங்கானாவின் 17 இடங்களில் 12 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியிருந்தது. கோரிக்கை மக்களிடம் ஆழமாக இருந்தது உண்மை. ஆனால் அதற்காகவே பிறந்த கட்சிக்கு வாக்களிக்கும் பழக்கம் அதே அளவுக்கு உறுதியாக இருக்கவில்லை.

2009 செப்டம்பரில் முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததும், நவம்பர் இறுதியில் சமிதியின் தலைவர் சந்திரசேகர ராவ் உண்ணாவிரதம் தொடங்கியதும், டிசம்பர் 9 இரவு உள்துறை அமைச்சர் சிதம்பரம் தனி மாநிலம் அமைக்கும் நடவடிக்கை தொடங்கும் என்று அறிவித்ததும் தெரிந்த கதைதான். அடுத்த நான்கு ஆண்டுகள் இழுத்தடிப்பிலேயே கழிந்தன. கோரிக்கையை ஆராய மத்திய அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2010 இறுதியில் ஆறு வழிகளை முன்வைத்தது. முடிவெடுக்க வேண்டியவர்கள் அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்கள். 2013 ஜூலை 30 அன்றுதான் காங்கிரஸ் செயற்குழு தெலங்கானாவுக்கு ஒப்புதல் தந்தது. காங்கிரஸின் கணக்கு வெளிப்படையானது: சீமாந்திராவில், ராஜசேகர ரெட்டியின் மகனும் ஒய்எஸ்ஆர் காங்கிரஸின் தலைவருமான ஜெகன்மோகன் ரெட்டியால் ஏற்கெனவே இழந்துவிட்டதைத் தெலங்கானாவில் ஈடுகட்ட வேண்டும், மாநிலம் கொடுத்தால் சந்திரசேகர ராவ் தம் கட்சியைக் காங்கிரஸுடன் இணைத்துவிடுவார்.

இணைப்பு நடக்கவில்லை. மசோதா நிறைவேறி, குடியரசுத் தலைவர் மார்ச் 1 அன்று ஒப்புதல் அளித்த பின், மார்ச் 3 அன்று இணைப்புக்கு வாய்ப்பில்லை என்று சந்திரசேகர ராவ் அறிவித்துவிட்டார். கூட்டணியும் அமையவில்லை. இந்த ஒரு முடிவுதான் தெலங்கானாவின் முடிவுகளைத் தீர்மானித்தது என்பது என் கணிப்பு. மாநிலத்தைச் சட்டமாக்கியது சோனியா காந்தி என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதை அவரிடமிருந்து பிடுங்கி வாங்கியவர் யார் என்ற கேள்விக்கு மக்களிடம் வேறொரு பெயர் இருந்தது. தெலங்கானா காங்கிரஸில் முதலமைச்சர் நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்கள் பலர். அவர்களில் ஒருவரையும் கட்சி முன்னிறுத்தவில்லை. மாநிலத் தலைவர் பொன்னாலா லட்சுமையா ஜனகாம் தொகுதியில் தாமே தோற்றார். மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ப்பால் ரெட்டி மகபூப்நகரில் சில ஆயிரம் வாக்குகளில் வீழ்ந்தார். நல்கொண்டாவும் நாகர்கர்னூலும் மட்டும் கையில் நின்றன.

இவ்விடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சான்றைக் குறிப்பிட வேண்டும். மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன், 2014 மார்ச் 30 அன்று, நகராட்சித் தேர்தலும் நடந்தது. அதன் முடிவு மக்களவைத் தேர்தலைப் பாதிக்கக்கூடாது என்பதற்காக எண்ணிக்கை மே 12வரை நிறுத்திவைக்கப்பட்டது. எண்ணியபோது தெலங்கானாவின் நகராட்சிகளில் முன்னணியில் இருந்தது காங்கிரஸ். சரியாக ஒரு மாதம் கழித்து அதே நகரங்களும் வாக்களித்த தேர்தலில் அது சுருண்டது. வார்டு உறுப்பினராக யார் வேண்டும் என்பதற்கும் புதிய மாநிலத்தின் முதல் அரசை யார் நடத்த வேண்டும் என்பதற்கும் மக்கள் தனித்தனி விடைகள் வைத்திருந்தார்கள். நன்றி உணர்ச்சியோ கோபமோ மட்டும் வேலை செய்திருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது.

சமிதியின் வெற்றியையும் மிகைப்படுத்திப் பார்க்கக்கூடாது. மக்களவைக்கு அது பெற்ற வாக்கு ஏறத்தாழ 34 சதவீதம். காங்கிரஸ் பெற்றது 25 சதவீதத்தை ஒட்டி. தெலுங்கு தேசம், பாஜக கூட்டணி இருபது சதவீதத்துக்கு மேல் பிரித்துக்கொண்டதால்தான் மூன்றில் ஒரு பங்கு வாக்கு 11 இடங்களாக மாறியது. சட்டமன்றத்தில் 119 இடங்களில் 63. பெரும்பான்மைக்குத் தேவையான 60ஐவிட மூன்று மட்டுமே கூடுதல். அந்த 63 இடங்களும் பரவலாகக் கிடைத்தவை அல்ல. அடிலாபாத், கரீம்நகர், நிஜாமாபாத், வாரங்கல், மேடக் என்ற வடக்கு மாவட்டங்களே அள்ளிக் கொடுத்தன. ஆந்திரத்தை ஒட்டிய கம்மம் மாவட்டத்தின் 10 சட்டமன்றத் தொகுதிகளில் சமிதிக்குக் கிடைத்தது கொத்தகூடம் ஒன்றுதான். அங்கே, தெலங்கானாவைக் கடைசிவரை எதிர்த்த ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் மக்களவைத் தொகுதியையும் மூன்று சட்டமன்றத் தொகுதிகளையும் வென்றது. தெலங்கானா முழுவதிலும் அக்கட்சி பெற்றது அந்த மூன்றைத்தான்.

ஐதராபாத்தும் அதேபோல் தனிவழி சென்றது. கடலோர ஆந்திரத்திலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த கூகட்பள்ளி, எல்.பி.நகர், சேரிலிங்கம்பள்ளி ஆகிய தொகுதிகளில் தெலுங்கு தேசம் வென்றது. பாஜக தெலங்கானாவில் பெற்ற 5 சட்டமன்றத் தொகுதிகளும் நகர்ப்பகுதியிலேயே இருந்தன. பழைய நகரத்தை மஜ்லிஸ் வழக்கம்போல் தன்வசம் வைத்துக்கொண்டது. நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்ட மல்காஜ்கிரி தெலுங்கு தேசத்துக்கும், செகந்திராபாத் பாஜகவின் பண்டாரு தத்தாத்ரேயாவுக்கும் போயின. எந்த நகரத்துக்காக இரு பகுதிகளும் மல்லுக்கட்டினவோ, எந்த நகரத்தைப் பத்தாண்டுகள் பொதுத் தலைநகராக வைக்கச் சட்டம் எழுதப்பட்டதோ, அந்த நகரம் தெலங்கானா அலையில் பெரும்பாலும் நனையவேயில்லை.

சீமாந்திராவின் கதையில் புதிர் இன்னும் கூடுதல். அங்கே பிரிவினைக்கு எதிரான கொந்தளிப்பு உண்மையானது. 2013இல் அரசு ஊழியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள், பேருந்துகள் ஓடவில்லை. 2014 ஜனவரி 30 அன்று மாநிலச் சட்டமன்றம் மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. அரசமைப்பின் 3ஆவது பிரிவின்படி சட்டமன்றத்தின் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதால் அதற்குப் பலன் இல்லை. பிப்ரவரி 13 அன்று விஜயவாடா காங்கிரஸ் உறுப்பினர் லகடபாடி ராஜகோபால் மக்களவைக்குள் மிளகுத் தூள் திரவத்தைத் தெளித்தார். பிப்ரவரி 18 அன்று, தொலைக்காட்சி நேரலை நின்றுபோன நிலையில், மசோதா மக்களவையில் நிறைவேறியது. இந்தக் கோபத்தை வாக்காக மாற்றிக்கொள்ளும் தகுதி யாருக்கு அதிகம் என்று கேட்டால், காகிதத்தில் இரண்டு விடைகள்தான்: ஒருவர் ஜெகன்மோகன் ரெட்டி, மற்றவர் கிரண்குமார் ரெட்டி.

கிரண்குமார் ரெட்டி காங்கிரஸின் முதலமைச்சராக இருந்துகொண்டே தம் கட்சி மேலிடத்தின் முடிவை எதிர்த்தவர். கடைசிப் பந்து வீசப்படும்வரை ஆட்டம் முடியாது என்று கிரிக்கெட் பாணியில் சொல்லிவந்தவர், மக்களவையில் மசோதா நிறைவேறிய மறுநாள் பதவி விலகி, ஜெய் சமைக்யாந்திரா என்ற கட்சியைத் தொடங்கினார். அதற்குத் தேர்தல் சின்னமாகக் கிடைத்தது செருப்பு. கட்சி ஓர் இடத்திலும் வெல்லவில்லை. ஒன்றுபட்ட மாநிலம் என்பதையே பெயராகக் கொண்டு களத்தில் நின்ற கட்சி அது ஒன்றுதான். வாக்காளர்கள் அதைப் பொருட்டாகவே கருதவில்லை.

ஜெகனின் தோல்வியை அப்படி எளிதாகக் கடந்துவிட முடியாது. காங்கிரஸிலிருந்து வெளியேறி 2011 மார்ச்சில் கட்சி தொடங்கியவர், அதே ஆண்டு மே மாதம் கடப்பா இடைத்தேர்தலில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2012 ஜூனில், அவர் சிறையில் இருந்தபோதே, 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு நடந்த இடைத்தேர்தலில் அவருடைய கட்சி 15 இடங்களைப் பிடித்தது. இதைக் கவனத்தில் கொண்டால், சீமாந்திராவில் காங்கிரஸை அழித்தது மாநிலப் பிரிவினை என்ற வாதம் தளர்ந்துவிடுகிறது. பிரிவினை முடிவு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே காங்கிரஸின் வாக்கு வங்கி ராஜசேகர ரெட்டியின் மகனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. மீதமிருந்ததைத்தான் 2014 துடைத்தெடுத்தது: வாக்கு 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது, 175 சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, பள்ளம் ராஜு, பனபாக்க லட்சுமி போன்ற மத்திய அமைச்சர்கள் தோற்றார்கள், பெரும்பாலான வேட்பாளர்களுக்கு டெபாசிட்டும் மிஞ்சவில்லை.

அப்படியானால் மாநில ஒற்றுமைக்காக ஐதராபாத்திலேயே பேரணி நடத்திய ஜெகன் ஏன் தோற்றார்? 2008லேயே தெலங்கானாவுக்கு ஆதரவாகக் கடிதம் கொடுத்துவிட்டு, பிறகு இரு பகுதிகளும் எனக்கு இரு கண்கள் என்று சொல்லிச் சமாளித்த தெலுங்கு தேசத் தலைவர் சந்திரபாபு நாயுடு ஏன் வென்றார்? மசோதாவுக்கு மக்களவையில் ஆதரவளித்த பாஜக, 1997இல் காக்கிநாடாவிலேயே ஒரு வாக்கு, இரண்டு மாநிலங்கள் என்று தீர்மானம் போட்ட கட்சி, விசாகப்பட்டினத்தையும் நரசாபுரத்தையும் எப்படிப் பிடித்தது? அதுவும் விசாகப்பட்டினத்தில் ஜெகனின் தாய் விஜயம்மாவையே சுமார் 90,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து?

விடை மே மாதத்தின் மனநிலையில் இருக்கிறது. மார்ச்சில் சட்டம் வந்தபின் பிரிவினையை எவரும் திருப்ப முடியாது என்பது ஊர் அறிந்த உண்மையாகிவிட்டது. அடுத்த கேள்வி, தலைநகர் இல்லாமல், ஐதராபாத்தின் வருவாய் இல்லாமல் நிற்கப்போகும் மாநிலத்தைக் கட்டியெழுப்ப யாரால் முடியும் என்பது. ஒருபுறம் ஐதராபாத்தின் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சியைத் தம் சாதனையாகச் சொல்லிக்கொண்ட, ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர். மறுபுறம் ஆட்சி அனுபவம் இல்லாத, வழக்குகளைச் சுமந்த நாற்பது வயதுத் தலைவர். மத்தியில் மோடி வருவார் என்ற எதிர்பார்ப்பு வலுத்திருந்த நேரத்தில், ஏப்ரல் தொடக்கத்தில் பாஜகவுடன் கைகோத்தது நாயுடுவுக்குக் கூடுதல் பலம். மாநிலங்களவையில் பிப்ரவரி 20 அன்று மன்மோகன் சிங் ஆந்திரத்துக்கு ஐந்தாண்டுகள் சிறப்பு அந்தஸ்து தரப்படும் என்று உறுதியளித்தபோது, பத்தாண்டுகள் வேண்டும் என்று எழுந்து கேட்டவர் பாஜகவின் வெங்கையா நாயுடு. தில்லியில் நட்பான அரசு, மாநிலத்தில் அனுபவசாலி என்ற கணக்கு நன்றாகவே விலைபோனது.

இதற்கு மேல் விவசாயக் கடன் தள்ளுபடி. தெலங்கானாவில் சமிதியும் சீமாந்திராவில் தெலுங்கு தேசமும் அதை வாக்குறுதியாக அளித்தன. நிறைவேற்ற முடியாததைச் சொல்லமாட்டேன் என்று ஜெகன் மறுத்தார். நேர்மை என்று பாராட்டலாம். வாக்கு எண்ணிக்கை மையத்தில் அது உதவவில்லை. கோதாவரி மாவட்டங்களில் வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2009இல் சிரஞ்சீவியின் பிரஜா ராஜ்யம் கட்சி பிரித்த காப்பு சமூக வாக்குகள், இம்முறை அவருடைய தம்பி பவன் கல்யாணின் பிரசாரத்தால் பெருமளவு தெலுங்கு தேசக் கூட்டணியின் பக்கம் சாய்ந்தன. மார்ச்சில் ஜனசேனாவைத் தொடங்கிய அவர் வேட்பாளர்களை நிறுத்தாமல் நாயுடுவுக்கும் மோடிக்கும் வாக்குக் கேட்டார். மேற்கு கோதாவரியின் 15 சட்டமன்றத் தொகுதிகளையும் கூட்டணி ஒன்றுவிடாமல் அள்ளியது. மறுபுறம் கடப்பா மாவட்டத்தின் 10 தொகுதிகளில் 9 தொகுதிகள் ஜெகனுக்கு. மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் இரு அணிகளுக்கும் இடையே சட்டமன்ற வாக்குகளில் இருந்த இடைவெளி இரண்டு சதவீதப் புள்ளிகளை ஒட்டியதே. இடங்களிலோ தெலுங்கு தேசம் மட்டும் 102, ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் 67. 2019இல் ஜெகன் 25இல் 22 மக்களவை இடங்களை வென்றது பலருக்கு அதிர்ச்சியாக இருந்ததற்குக் காரணம், 2014இல் அவர் எவ்வளவு நெருக்கமாகத் தோற்றார் என்பதை அவர்கள் மறந்துபோனதுதான்.

முடிவுகள் வந்தபின் நடந்தவை, வாக்காளர்கள் கொடுத்த கணக்கை வேறொன்றாக்கின. தெலங்கானாவில் காங்கிரஸ், தெலுங்கு தேசம், ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் சமிதிக்குத் தாவினார்கள். நல்கொண்டா, மல்காஜ்கிரி, கம்மம் ஆகிய மூன்று மக்களவை உறுப்பினர்களும் அதில் அடக்கம். மக்கள் கொடுத்த 11 இப்படித்தான் 14 ஆனது. சீமாந்திராவிலும் ஒய்எஸ்ஆர் காங்கிரஸின் நந்தியால் உறுப்பினர், வெற்றி பெற்ற ஈரம் காயும் முன்னே தெலுங்கு தேசத்தின் பக்கம் போனார். கட்சித் தாவல் தடைச் சட்டம் இரு மாநிலங்களிலும் அவைத்தலைவர்களின் மேசையில் உறங்கியது.

மாநிலங்களவையில் இன்னும் விநோதம். மக்களவை உறுப்பினர்களைத் தொகுதியை வைத்துப் பிரிக்கலாம். மாநிலம் முழுவதற்குமாகத் தேர்வான 18 மாநிலங்களவை உறுப்பினர்களை எப்படிப் பிரிப்பது? சீட்டுக் குலுக்கினார்கள். 11 பேர் ஆந்திரத்துக்கும் 7 பேர் தெலங்கானாவுக்கும் போனார்கள். தெலங்கானா ராஷ்டிர சமிதியின் மூத்த தலைவர் கேசவ ராவ் சீட்டின்படி ஆந்திரப் பிரதேசத்தின் உறுப்பினரானார். ராஜசேகர ரெட்டியின் நெருங்கிய நண்பரும் ஆந்திரப் பகுதிக்காரருமான கே.வி.பி.ராமச்சந்திர ராவ் தெலங்கானாவின் உறுப்பினரானார். பதவிக்காலம் முடியும்வரை அப்படியே தொடர்ந்தார்கள்.

ஆனால் உண்மையான விலை கொடுத்தவர்கள் கம்மம் மாவட்டத்தின் ஏழு மண்டலங்களை (மாவட்டத்துக்குள் அடங்கிய நிர்வாகப் பிரிவுகளை) சேர்ந்தவர்கள். கோதாவரியின் குறுக்கே ஆந்திரத்தில் கட்டப்படும் போலவரம் அணையில் மூழ்கும் நிலம் ஆந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்காக, பதவியேற்ற சில நாட்களிலேயே மோடி அரசு அவசரச் சட்டத்தின் மூலம் சிந்தூர், கூனவரம், குக்குனூர், வேலேருபாடு உள்ளிட்ட அந்த மண்டலங்களை ஆந்திரத்தோடு சேர்த்தது. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். ஏப்ரல் 30 அன்று தெலங்கானா வாக்காளர்களாகப் பத்ராசலம், பினபாக்க, அஸ்வாராவுபேட்டை தொகுதிகளில் அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர்கள் ஐதராபாத்தில் தெலங்கானா அவையில் அமர்ந்தார்கள். அவர்களுடைய நிலத்தையும் இழப்பீட்டையும் தீர்மானிக்கும் அரசோ ஆந்திரத்தில் இருந்தது. அந்த அவையில் அவர்களுக்காகக் கேள்வி எழுப்ப அவர்கள் தேர்ந்தெடுத்த எவரும் இல்லை. 2018 டிசம்பரில் தெலங்கானா சட்டமன்றத்துக்கு முன்கூட்டியே தேர்தல் வந்தபோது அதில் வாக்களிக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. ரம்பசோடவரம், போலவரம் தொகுதிகளில் சேர்க்கப்பட்டு, ஆந்திரப் பிரதேசத்தின் வாக்காளர்களாக ஒரு பொதுத்தேர்தலில் அவர்கள் முதன்முறையாக வாக்களித்தது 2019 ஏப்ரலில்தான்.